கரிசல்காரரோடு பேட்லாண்ட்ஸில் மூன்று இரவு

"காசு வாங்காம இடம் குடுக்கான்னா அதுல என்னமோ இருக்கு தாயி" என்றார் அப்பா, காரில் ஏறும்போதே. அம்மா வரவே மாட்டேன் என்றுவிட்டாள். வீடு வாசல் இருக்கும்போது பொட்டலில் போய்ப் படுக்க வேண்டும் என்று என்ன தலையெழுத்து என்பது அவள் கேள்வி. பேரனைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் மூன்று பேரும் போய் வாருங்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அப்படித்தான் ஜூன் மாதத்தில் நானும் கணவரும், கோவில்பட்டிப் பக்கம் நாற்பது வருஷம் மானாவாரி விவசாயம் பார்த்த அப்பாவும் அமெரிக்காவின் மினியாபொலிஸிலிருந்து மேற்கே தெற்கு டகோட்டா மாநிலத்துக்கு, காசில்லாமல் கூடாரம் அடித்துத் தங்கக் கிளம்பினோம்.

ஐநூறு மைலுக்கு மேல் ஓட்டம். சேம்பர்லின் ஊரில் மிசோரி ஆற்றைத் தாண்டியதும் நிலம் மாறிவிடுகிறது. மரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் வானமும் புல்லும் மட்டும்தான். நடுவில் வால் (Wall) என்ற ஊரின் மருந்துக்கடை விளம்பரப் பலகைகள் மைலுக்கு மைல் வருகின்றன. 1931-ல் வாங்கிய கடை, வியாபாரம் இல்லாமல் ஈயோட்டியதாம். வழிப்போக்கர்களுக்கு ஐஸ் தண்ணீர் இலவசம் என்று பலகை வைத்த பிறகுதான் பிழைத்தது. "தண்ணிப்பந்தல் வச்சுப் பொழச்சிருக்கான்" என்றார் அப்பா.

நாங்கள் தங்கப் போனது பஃபலோ கேப் தேசியப் புல்வெளி. பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவை ஒட்டியும் சுற்றியும் ஏறக்குறைய 6 லட்சம் ஏக்கர், துண்டு துண்டாகக் கிடக்கிறது. பூங்காவுக்குள் என்றால் முகாம் திடல், எண் போட்ட இடம், அதற்கு விதிகள். இங்கே அதெல்லாம் கிடையாது. இதற்கு டிஸ்பெர்ஸ்டு கேம்பிங் என்று பெயர். முன்பதிவு இல்லை, கட்டணம் இல்லை. ஓர் இடத்தில் 14 நாள் வரை தங்கலாம். அதே சமயம் குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, மேசை இல்லை, குப்பைத் தொட்டி இல்லை, நிழலுக்கு ஒரு மரமும் இல்லை. காசு வாங்காததன் காரணம் அப்பாவுக்கு அங்கே இறங்கியதும் விளங்கிவிட்டது.

இவ்வளவு நிலம் ஏன் விதைக்காமல் கிடக்கிறது என்பதுதான் அவருக்கு ஆறவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இது லகோட்டா பழங்குடி மக்களின் பூமி. 1868 ஒப்பந்தத்தில் அவர்களுக்கென்று எழுதிக் கொடுத்ததை 1889-ல் அரசாங்கமே கூறுபோட்டது. பிறகு குடியேறிகள் வந்தார்கள். ஆளுக்கு 160 ஏக்கர் என்று வாங்கிப் புல்லைப் புரட்டி உழுதார்கள். 1930-களில் மழை பொய்த்தது, உழுத மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போனது, குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிட்டார்கள். அந்த நிலங்களை அரசு விலைக்கு வாங்கியது. 1937-ல் அதற்கென்று ஒரு சட்டமும் வந்தது. 1954-ல் வனத்துறை கைக்கு மாறி, 1960-ல் தேசியப் புல்வெளி என்று பெயர் வைத்தார்கள். இங்கே வனத்துறை இருப்பது வேளாண்மைத் துறையின் கீழ். அது அவருக்குப் பிடித்திருந்தது.

"மழை எவ்வளவு?"

"வருஷத்துக்குப் பதினாறு அங்குலம்ப்பா. நானூறு மில்லிமீட்டர்."

"நம்ம ஊரைவிடக் கம்மி. இதைப் போய் உழுதிருக்கான் பாரு."

வால் ஊரிலிருந்து 240-ம் எண் சாலையில் தெற்கே வந்தால், பூங்காவின் பினகிள்ஸ் வாயிலுக்குச் சற்று முன்னால் இரண்டு அலைபேசிக் கோபுரங்கள் தெரியும். அந்தப் பக்கம் திரும்பினால் செங்குத்தான மண்விளிம்பு. அதன் ஓரமாகவே வண்டிகள் வரிசையாக நிற்கும். கீழே எலும்பு நிறத்தில் மடிப்பு மடிப்பாகப் பள்ளத்தாக்கு. வால் என்ற ஊர்ப் பெயருக்கே இந்த மண்சுவர்தான் காரணம். சாயங்காலம் ஆறு மணிக்கு நாங்கள் போனபோது நல்ல இடமெல்லாம் ஆர்.வி. என்கிற வீட்டு வண்டிகள் பிடித்திருந்தன. ஜெனரேட்டர் சத்தம் வேறு. கணவர் கொஞ்சம் பின்வாங்கி, புல்லுக்குள் போன ஒரு வண்டித்தடத்தில் அரை மைல் போல உள்ளே ஓட்டினார். ஆளரவம் இல்லை. சக்கரம் ஏறி ஏறி மட்டமான ஒரு திட்டு. ஏற்கெனவே ஆட்கள் தங்கித் தேய்ந்த இடத்தில் தங்குவதுதான் முறை. புதுப் புல்லை மிதித்துப் புது இடம் உண்டாக்கக் கூடாது.

அப்பா இறங்கியதும் வானத்தைப் பார்க்கவில்லை, பள்ளத்தாக்கைப் பார்க்கவில்லை. குனிந்து வண்டித்தடத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்தார். மேலே சோளப்பொரி மாதிரி பொரிந்து, வெடிப்பு விட்டிருந்தது. பாட்டிலிலிருந்து நாலு சொட்டு தண்ணீர் விட்டுப் பிசைந்தார். உள்ளங்கையில் உருட்டினார். கயிறு மாதிரி நீண்டது, அறுபடவே இல்லை.

"மாப்ளை, இது நம்ம கரிசலுக்கு அண்ணன். மழை பெஞ்சா வண்டி நகராது. ரோட்டுப் பக்கமாவே இருந்துக்கிடுவோம்."

"ஆல் வீல் டிரைவ் மாமா, பிரச்சினை இல்ல."

"டிராக்டரே மாட்டும்."

மூன்று நாளைக்கு மழை இல்லை என்று அலைபேசி சொன்னது. நானும் கணவர் பக்கம் சேர்ந்துகொண்டேன். அரை மைல் திரும்பிப் போய் ஜெனரேட்டர் சத்தத்தில் படுக்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

அப்பா சொன்னதில் விஷயம் இருக்கிறது. அந்தப் பகுதி மண்ணில் எரிமலைச் சாம்பல் மக்கி உண்டான பெண்டோனைட் களிமண் நிறைய. அதன் முக்கியச் சரக்கு மான்ட்மோரில்லனைட். நம் கரிசல் வேறு வழியில் உண்டானது என்றாலும் அதிலும் இதே வகைக் களிமண்தான். தண்ணீரைக் குடித்து ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோவில்பட்டிக்காரருக்கு அதைச் சொல்ல ஆய்வுக்கூடம் எதற்கு?

முதல் ராத்திரி எங்களுக்குப் பாடம் எடுத்தது காற்று. பகலில் சுகமாகத்தான் வீசியது. கூடாரம் அடிக்கும்போதே, கூடவே வந்த பிளாஸ்டிக் முளைகளில் இரண்டு உடைந்தன. காய்ந்த களிமண் அப்படி ஒரு கல். காரில் இருந்த சுத்தியலும் நீளமான இரும்பு முளைகளும்தான் மானத்தைக் காப்பாற்றின. வாசல் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். அதுதான் காற்று வரும் திசை. பதினோரு மணிக்கு மேல் கூடாரம் பட்டம் மாதிரி உப்பி எழும்பப் பார்த்தது. ஒரு கம்பி வளைந்து என் முகத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நடு ராத்திரியில் மூவரும் எழுந்து, காரைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தி, அதன் மறைவில் வாசலைத் திருப்பி மறுபடி அடித்தோம். புல்வெளியில் காற்றைத் தடுக்க இருக்கிற ஒரே சுவர் உங்கள் கார்தான். அடுப்பு வைப்பதும் அந்த மறைவில்தான். ஆனால் ஓடிவந்த சூட்டோடு காரை உயரமான காய்ந்த புல்மேல் நிறுத்திவிடாதீர்கள். அடியில் இருக்கும் புகைக்குழாய்ச் சூட்டுக்கே புல் பற்றிக்கொள்ளும். விறகு எரிக்கிற ஆசையை நாங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டோம். பூங்காவுக்குள் முகாம்தீ அறவே கூடாது. புல்வெளியில் பருவத்துக்குத் தகுந்த தடைகள் உண்டு. வாலில் இருக்கும் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு கேஸ் அடுப்பில் ரசமே வைத்தோம்.

காலைக்கடன் பற்றி நான் மூன்று நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன், அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று. அவர் சிரித்துவிட்டார். "காட்டுக்குப் போறதை நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" ஆனால் அவருக்கும் புதிது ஒன்று இருந்தது. ஆறிலிருந்து எட்டு அங்குலம் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். நீர்ப்போக்கு, பாதை, கூடாரம் எல்லாவற்றிலிருந்தும் இருநூறு அடியாவது தள்ளிப் போக வேண்டும். காகிதம் பயன்படுத்தினால் அது பையில் திரும்பி வர வேண்டும். அந்த மண்ணில் கையளவுக் கொத்தை வைத்து எட்டு அங்குலம் தோண்டிப் பாருங்கள், தெரியும். மறுநாள் வாலுக்குப் போய்ப் பொடி போட்ட கழிவுப் பைகள் வாங்கி வந்தோம். இனி எங்கே போனாலும் அதைத்தான் முதலில் எடுத்து வைப்பேன்.

இரண்டாம் நாள் பூங்காவுக்குள் சேஜ் கிரீக் விளிம்புச் சாலையில் போனோம். சரளைச் சாலை. ராபர்ட்ஸ் பிரெய்ரி டாக் ஊர் வழியில் வருகிறது. பெயரில்தான் நாய், ஆள் அணில் வகை. வளை வளையாக ஏக்கர் கணக்கில் குடித்தனம். ஒன்று நின்றபடி கத்தினால் ஊரே உள்ளே போய்விடுகிறது. அவற்றுக்குத் தீனி போடாதீர்கள், வளைக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். அவற்றின் தெள்ளுப்பூச்சி வழியாகப் பிளேக் பரவுகிறது. தெற்கே கொனாட்டா பேசின் என்ற பகுதியில் 2008-ல் அந்த நோய் வந்து நிறைய அழிந்தன. இதில் இன்னொரு கதையும் இருக்கிறது. பிரெய்ரி டாக்கைத் தின்றே வாழும் கருங்கால் ஃபெரெட், நம் கீரி மாதிரி ஒல்லியான பிராணி, பூண்டற்றுப் போய்விட்டது என்றே நினைத்திருந்தார்கள். 1981-ல் வயோமிங்கில் ஒரு பண்ணை நாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து போட்டது. 1987 வாக்கில் மிஞ்சியவை 18. அவற்றைப் பிடித்துப் பெருக்கி, 1996-ல் கொனாட்டாவிலும் விட்டார்கள். அது ராத்திரியில் மட்டும் நடமாடும். எங்கள் கண்ணில் படவில்லை. பிளேக் வராமல் இருக்க வளைக்கு வளை பூச்சிமருந்துப் பொடி தூவுகிறார்கள் என்றதும், அப்பா அந்த வளைகளை எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார்.

அப்பாவுக்கும் எல்லாம் தெரிந்துவிடவில்லை. சாலையோரம் ஒரு பைசன் ஒற்றையாக மேய்ந்தது. "நம்ம எருமைதான, கொம்பு மட்டும் குட்டை" என்று கதவைத் திறந்து இறங்கப் பார்த்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். குறைந்தது நூறு கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்காவின் சொல். அந்த உடம்போடு அது மணிக்கு முப்பது மைலுக்கு மேல் ஓடும். வால் மேலே தூக்கினால் கோபம் என்று அர்த்தம். "மாடும் அப்படித்தான் தூக்கும்" என்றார், தோல்வியை ஒத்துக்கொள்ளாமல்.

பாம்பு விஷயத்தில் அவரிடம் நான் கற்றுக்கொண்டதுதான் அதிகம். அங்கே பிரெய்ரி ராட்டில்ஸ்நேக் உண்டு, விஷப் பாம்பு. வாலை ஆட்டிக் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் கொடுக்கும், ஆனால் கொடுத்தே தீர வேண்டும் என்று அதற்குக் கட்டாயம் இல்லை. அப்பா ராத்திரி இறங்கும்போதெல்லாம் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு மாட்டினார், டார்ச் இல்லாமல் ஓர் அடி வைக்கவில்லை, கல்லிடுக்கில் கை விடவில்லை. ஒன்றே ஒன்றைப் பார்த்தோம், தூரத்தில், வளைப் பக்கம் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அது பாட்டுக்கு அது, நாங்கள் பாட்டுக்கு நாங்கள்.

அன்று ராத்திரி காற்று அடங்கியது. பன்னிரண்டு மணிக்கு மேல் பால்வீதி ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கிடந்தது. அப்பா சால்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் களத்தில் படுத்துப் பார்த்த வானம் என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. மாடுகள் நாலைந்து எங்கிருந்தோ வந்து, காரை நக்கிவிட்டுப் போயின. புல்வெளியில் பண்ணைக்காரர்கள் அனுமதி பெற்று மாடு மேய்க்கிறார்கள், அதனால் வேலிக் கதவுகள் நிறைய வரும். மூடியிருந்தால் மூடு, திறந்திருந்தால் திறந்தபடியே விடு, இதுதான் விதி. அப்பாவுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படலைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவனை அவர் ஊரில் என்ன சொல்லித் திட்டுவார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேற்கே மேகம் கட்ட ஆரம்பித்தது. முன்னறிவிப்பும் மாறியிருந்தது. ரேபிட் சிட்டி வானிலை அலுவலகம் இடியும் ஆலங்கட்டியும் வரலாம் என்று எச்சரிக்கை விட்டிருந்தது. எங்களுக்கு அது சாயங்காலம்தான் தெரிந்தது. கோபுரம் பக்கம் நான்கு கோடு காட்டும் அலைபேசி, பூங்காவின் பள்ளத்துக்குள் போனால் ஒன்றும் காட்டாது. பகலெல்லாம் நாங்கள் பள்ளத்தில்தான் இருந்தோம். அப்போதாவது கூடாரத்தைப் பிரித்துச் சாலைப் பக்கம் போயிருக்கலாம். அப்பா மறுபடி சொன்னார். விடிகாலை ஆறு மணிக்கு எப்படியும் கிளம்பப் போகிறோமே என்று கணவர் சொன்னார்.

ஒன்பது மணிக்கு மேல் வந்தது. அந்த வெட்டவெளியில் மின்னல் வருவது மைல் கணக்கில் முன்னாலேயே தெரிகிறது, அதுதான் பயம். கூடாரம் மின்னலுக்குப் பாதுகாப்பே இல்லை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் காருக்குள் போய்விட வேண்டும். நாங்கள் இருபத்திரண்டு எண்ணியபோது ஓடினோம். கோலிக்குண்டு அளவு ஆலங்கட்டி பத்து நிமிடம் கூரையில் கொட்டியது. பிறகு மழை. மூன்று பேரும் உட்கார்ந்தபடியே தூங்கினோம். சரி, அப்பா தூங்கினார்.

விடிந்ததும் வானம் பளிச்சென்று கழுவி விட்டிருந்தது. புல்லெல்லாம் மெடோலார்க் குருவிகளின் பாட்டு. மண்ணில் கால் வைத்தேன். செருப்பு அங்கேயே நின்றுவிட்டது, கால் மட்டும் வந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒட்டி ஒட்டி, பத்தாவது அடியில் ஆளுக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியிருந்தோம்.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு மீட்டிங் என்பது கணவரின் கவலை. "மெதுவா எடுத்துப் பாக்குறேன் மாமா" என்றார். வண்டி நாற்பது அடி போனது. சக்கரத்தின் பள்ளங்கள் எல்லாம் மண் நிறைந்து வழவழவென்று உருண்டை ஆகிவிட்டன. மண் சக்கரத்துக்கும் மேல்வளைவுக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு, முன்சக்கரம் சுற்றுவதையே நிறுத்தியது. வண்டி பக்கவாட்டில் வழுக்கி, வேலிக்கு ஆறடியில் நின்றது. ஓட்டுகிறவர் திருப்பிய பக்கத்துக்கும் வண்டி போன பக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. நான்கு சக்கரமும் இழுத்தால் நான்கு சக்கரமும் வழுக்கும், அவ்வளவுதான் ஆல் வீல் டிரைவ்.

புல் மேல் ஏற்றிப் போய்விடலாமா என்றார். அது மட்டும் வேண்டாம் என்றேன். தடத்தை விட்டு வண்டி இறங்கக் கூடாது என்பது விதி. ஈரமான அந்த மண்ணில் ஒருமுறை விழுந்த சக்கரப் பள்ளம் பல வருஷம் மூடாது. அடுத்த மழைக்கு அதுவே வாய்க்கால் ஆகும். தூரத்தில் சரளைச் சாலையில் ஒரு பிக்கப் வண்டி நின்றது. மாடு பார்க்க வந்தவராக இருக்க வேண்டும். எங்களைப் பார்த்துக் கையைக் காட்டி, "கம்போ! மத்தியானம் வரைக்கும் அசையாதீங்க!" என்று கத்திவிட்டுப் போனார். கம்போ என்பது இந்த மண்ணுக்கு அங்கே உள்ள பேர். லகோட்டா மக்கள் இந்த இடத்தையே மாகோ ஷீச்சா, கெட்ட நிலம் என்றார்கள். வழியில் வந்த பிரெஞ்சு வியாபாரிகளும் கடக்கக் கெட்ட நிலம் என்றுதான் சொன்னார்களாம். காரணத்தை நாங்கள் காலில் ஒட்டிக்கொண்டு நின்றோம்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, ஓர் இரும்பு முளையை எடுத்துச் சக்கரத்து மண்ணை வழிக்க உட்கார்ந்தார். "வெயில் ஏறட்டும் மாப்ளை."

தண்ணீர்க் கணக்கு அப்போதுதான் உறைத்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் என்று, மூன்று நாளுக்கு ஒன்பதும் உபரியாக மூன்றும் கொண்டுவந்திருந்தோம். கை கால் கழுவியே பாதி போய்விட்டது. அங்கே ஓடையில் ஓடுவது சேற்றுப்பால். வடிகட்டியை அடைத்துவிடும், நம்பக் கூடாது. மிச்சம் ஒன்றரை கேலன். கிளம்ப வேண்டிய நாளுக்கு மேல் இன்னொரு முழு நாளுக்குத் தண்ணீரும் சாப்பாடும் வைத்துக்கொள்ளுங்கள். புளியோதரை மீந்திருந்ததால் பட்டினி இல்லை. கணவர் மேட்டில் ஏறி நின்று மேனேஜருக்குச் செய்தி அனுப்பினார். வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது என்று எழுதி, படமும் வைத்தார்.

பத்து மணிக்குக் காற்று எழுந்தது. முதல் ராத்திரி எங்களைப் பாடாய்ப் படுத்திய அதே காற்று. பதினொன்றரைக்கு மண்ணின் மேல்தோல் வெளுத்தது. போகலாமா என்றேன். அப்பா குதிகாலால் ஒரு குத்து குத்திப் பார்த்தார். "மேலதான் காஞ்சிருக்கு. உள்ள களி." பன்னிரண்டரைக்கு மறுபடி குத்தினார், தலையாட்டவில்லை. ஒன்றே காலுக்குப் பொரி மாதிரி வெடிப்பு விட ஆரம்பித்தது. அப்போதுதான் எழுந்தார். வந்த தடத்திலேயே, நிறுத்தாமல், ஒரே சீரான வேகத்தில் ஓட்டச் சொன்னார். அரை மைலுக்குப் பத்து நிமிடம். சரளையில் ஏறியதும் கணவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார்.

வாலில் கார் கழுவும் இடத்தில் காசு போட்டுக்கொண்டே இருந்தோம். வெளிப்பக்கம் போனது, சக்கர வளைவுக்குள் இருந்தது போகவில்லை. காய்ந்து செங்கல் ஆகியிருந்தது. நெடுஞ்சாலையில் வேகம் பிடித்தபோது ஸ்டியரிங் நடுங்கியது. சக்கரத்தின் உட்பக்கம் மண் ஒரு பக்கமாக ஒட்டியிருந்தால் அப்படித்தான் நடுங்கும், டயர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். வழியில் கடோக்கா ஊரில் நிறுத்திக் கணவர் மறுபடி குனிந்து வழித்தார். அப்பா மேற்பார்வை.

அம்மா போன் செய்தாள்.

"பாம்பு கீம்பு இருந்துச்சா?"

"ஒண்ணு பாத்தோம்மா, தூரத்துல."

"அவரு செருப்பு போட்டிருந்தாரா?"

"பூட்ஸே போட்டிருந்தாரு."

"சரி, அவருகிட்ட குடு." போனை வாங்கிய அப்பா காற்றைச் சொல்லவில்லை, ஆலங்கட்டியைச் சொல்லவில்லை. "மண்ணு நல்ல மண்ணு. பருத்தி போடலாம்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மழைதான் பத்தாது" என்றார்.